அடுத்த செவ்வாய்க்குள்

மாதேஷ் மரத்திலிருந்து விழுந்தபோது மலர் அதே தோட்டத்தின் கீழ்ச்சரிவில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். பலாக்காய் விழுந்தது போல ஒரு சத்தம் கேட்டதாகப் பிறகு பலர் சொன்னார்கள். அவளுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. யாரோ கத்தியதைக் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தாள். அவன் சருகின் மேல் மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருந்தது.

“என்ற காலு எங்க கெடக்குதுன்னு பாரு மலரு. எனக்குத் தெரியல” என்றான்.

சேர்வராயன் மலையில் கிளியூரை ஒட்டிய அந்த எஸ்டேட்டில் காபிச் செடிகளுக்கு நிழல் தருவது சில்வர் ஓக் மரங்கள்தான். ஒவ்வொரு மரத்தையும் சுற்றிக்கொண்டு மிளகுக்கொடி உச்சிவரை போகும். ஒற்றை மூங்கில் ஏணியைச் சார்த்தி, இடுப்பில் சாக்குப்பையைக் கட்டிக்கொண்டு ஏறி, சரம் சரமாகப் பறித்து இறக்க வேண்டும். ஆண்டுதோறும் மாசி மாதத்தில் மாதேஷ் செய்துவந்த வேலை அது. காற்றில் மரம் ஆடும்போது அவனும் சேர்ந்து ஆடிக்கொண்டே பாட்டுப் பாடுவான். அவன் அப்பனும் அப்பனைப் பெற்றவனும் கீழே சமவெளியிலிருந்து காபி பறிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். ஆனால் அவர்கள் யாரும் மரம் ஏறியதில்லை. அவனாகப் பிடித்துக்கொண்ட வேலை அது. அன்று காலைப் பனியில் நனைந்திருந்த பாறையில் ஏணியின் அடி வழுக்கிவிட்டது. அவ்வளவுதான்.

சேலத்து ஆஸ்பத்திரியில் முதுகெலும்பில் ஆபரேஷன் செய்தார்கள். நரம்பு முழுதாக அறுபடவில்லை, அடிபட்டிருக்கிறது, எவ்வளவு திரும்பும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மழைக்காலம் தொடங்கியபோது அவனை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். வண்டி வரக்கூடிய இடத்திலிருந்து, எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுவரை ஜமக்காளத்தில் வைத்துத் தூக்கிவந்தார்கள்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும் மாதேஷ் ஒரே பேச்சுத்தான் பேசினான்.

“அடுத்த மிளகு சீசனுக்கு நான் மரத்து மேல இருப்பேன். பாத்துக்கோங்க.”

“கண்டிப்பா இருப்பே மாதேஷு” என்றார்கள் எல்லோரும். சொல்லிவிட்டு வாசலுக்கு வந்ததும் மலரின் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடினார்கள். மலர் மட்டும் அதை நம்பினாள். சேர்வராயன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

ஒரு நாள் அவள் வேலைக்கும் மகள் ஹரிணி பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்த நேரத்தில், மாதேஷ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்து நிற்கப் பார்த்தான். கைக்கு வலு இருந்தது. உடம்பைத் தூக்கியும்விட்டான். கால் இரண்டும் ஈரத்துணிபோல மடங்கின. ஹரிணி சாயங்காலம் வந்து கதவைத் திறந்தபோது அவன் தரையில் கிடந்தான். எவ்வளவு நேரமாகக் கிடக்கிறான் என்று சொல்லவில்லை. இடுப்பில் புண்ணாகி, மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய் வரவேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு அவன் பேச்சை விட்டுவிட்டான். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான். கஞ்சியை வாயருகே கொண்டுபோனால் குடிப்பான். இரவும் பகலும் அவனுக்கு ஒன்றாகிவிட்டது. “ஏனுங்க மாமா, ஒரு வார்த்தை பேசுங்களேன்” என்று மலர் கெஞ்சினால் கண்ணை மூடிக்கொள்வான். அவன் மரம் ஏறுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்களே தேவலை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

அப்படியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, மழைக்கோட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு பெண் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். அரசாங்கத்திலிருந்து வீடு தேடி வந்து உடற்பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். லைனில் அவளை ‘எக்சர்சைஸ் டாக்டரம்மா’ என்றார்கள். சின்ன வயதுதான்.

“மாதேஷ் அண்ணா, என் பேரு பானுங்க. மேல ஒண்டிக்கடைப் பக்கம் இருந்து வர்றேன். இனி செவ்வாய்க்கிழமைக்குச் செவ்வாய்க்கிழமை வருவேன்.”

அவன் திரும்பவில்லை. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க.”

சுவரைப் பார்த்தபடியே சொன்னான். “மரம் ஏறோணும்.”

மற்றவர்களைப் போல அவள் தலையாட்டவில்லை. ஆகாது என்றும் சொல்லவில்லை.

“சரிங்க. அது அங்கேயே இருக்கட்டும், எங்கயும் போயிடாது. அடுத்த செவ்வாய்க்குள்ள என்ன செய்யப் போறீங்க?”

“அடுத்த செவ்வாய்க்குள்ளயா? கெடக்கறேனே, கண்ணு தெரியலீங்களா?”

“தெரியுதுங்க. அதனாலதான் கேக்கறேன். கெடக்கற ஆளு செய்யக்கூடியது ஒண்ணு சொல்லுங்க. காலு அசைஞ்சாத்தான் ஆகும்கறது வேண்டாம். அது உங்க கையிலயும் இல்ல, என் கையிலயும் இல்ல. உங்க கையில இருக்கறது எதாவது.”

“தலையைத் திருப்புவேன். போதுமா?” என்று சீறினான் மாதேஷ்.

“போதுங்க. எந்தப் பக்கம்?”

மலருக்கு, இத்தனை நாளில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். மாதேஷ் சொன்னான்.

“ஜன்னல் பக்கம்.”

“அப்ப தெனமும் காலைல டீ வர்றதுக்கு முன்னால, யாரும் சொல்லாம, நீங்களா ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கோணும். அடுத்த வாரம் வந்து அக்காவைக் கேப்பேன்.”

இதற்கா மழையில் நனைந்துகொண்டு வந்தாள் என்று மலருக்கு இருந்தது. ஆனால் மறுநாள் காலை டீயை ஆற்றிக்கொண்டு உள்ளே போனவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மாதேஷ் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தான். வெளியே மேகம் வழிவிட்டு விலகிக்கொண்டிருந்தது.

“கொய்யாவுல பிஞ்சு நெறையப் புடிச்சிருக்குது” என்றான்.

அவ்வளவுதான் பேசினான். அவள் டீ டம்ளரோடு கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் வேறொன்று. தலையணையில் சாய்ந்துகொண்டு டீயைத் தானே பிடித்துக் குடிப்பது. அதற்கடுத்து, சாயாமல் உட்கார்ந்து குடிப்பது. மாதேஷ் அவசரப்படுவான். “அடுத்த செவ்வாய்க்குள்ள கதவு வரைக்கும் நடந்துடறேனுங்க” என்பான். பானு கையை ஆட்டிவிடுவாள்.

“வேண்டாங்கண்ணா. அது நடக்காம போச்சுன்னா மறுபடி சுவத்தப் பாத்துப் படுத்துக்குவீங்க. சின்னதாச் சொல்லுங்க. ஆனா சொன்னது நடக்கோணும்.”

கட்டில் ஓரத்தில் கையை ஊன்றாமல் உட்கார வேண்டிய வாரம் அவனால் முடியவில்லை. பானு வருவதற்கு முன்பே முகம் கறுத்துப்போய்க் காத்திருந்தான். அவள் திட்டுவாள் என்று மலரும் பயந்தாள். பானு கேட்டுக்கொண்டு, “அப்ப நாமதான் பெருசா சொல்லிட்டோம். ஒரு கை ஊன்றிக்கோங்க. இன்னொரு கையைத் தூக்கினாப் போதும்” என்றாள். அந்த வாரம் முடிந்தது.

பானு கொடுத்த வேலைகளில் மலருக்கு விளங்காதது ஒன்று இருந்தது. காலையில் எழுந்ததும் வலது கால் கட்டைவிரலைப் பார்த்து, ‘அசை’ என்று மனசுக்குள் சொல்ல வேண்டும். அது அசைந்தாலும் சரி, அசையாவிட்டாலும் சரி. சொல்வதுதான் வேலை. சொல்லிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. மாதேஷ் அதை ஒரு நாள்கூட விடவில்லை. மழை நின்று பனி தொடங்கியது. காபிப் பழம் சிவந்தது. விடிந்ததும் அவன் தன் கால்விரலை முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மரத்திடம் பேசுகிற மாதிரி அல்லவா இது என்று மலர் நினைப்பாள்.

ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும்முன் அவன் பாதத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கைக்குள் ஏதோ ஊர்ந்தது. பூச்சியோ என்று கையை உதறினாள். ஒன்றுமில்லை. நிமிர்ந்து பார்த்தாள். மாதேஷ் தன் கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமா?”

“பேசாத. பாரு.”

கட்டைவிரல் அசைந்தது. மிகச் சிறிய அசைவு. முட்டைக்குள்ளிருந்து குஞ்சு தட்டுவது மாதிரி. நின்றது. மறுபடி அசைந்தது.

மலர் கையில் எண்ணெயோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பெற்றபோதுகூட அவளுக்கு இப்படி உடம்பு சிலிர்க்கவில்லை. அது தானாக நடக்கிற காரியம் என்று எல்லோரும் சொல்லிக் கேட்டிருந்தாள். இது அப்படியல்ல. ஒரு மனிதன் தினமும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். எங்கேயோ இருட்டுக்குள் போய்விட்ட ஒன்று அந்தக் குரலைக் கேட்டு வழி தேடித் திரும்பி வந்திருக்கிறது. இத்தனை நாளும் அது வந்துகொண்டே இருந்திருக்கிறது. வெளியே யாருக்கும் தெரியவில்லை.

ஹரிணி ஓடிப்போய் லைன் முழுக்கச் சொல்லிவிட்டாள். பெண்கள் கூடையும் கையுமாக வந்து நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. பக்கத்து வீட்டு அருக்காணி, எதையும் கேலி பேசுகிறவள், செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து பார்த்தாள். “இன்னொருக்கா செய் சாமி” என்றாள் மெதுவாக. மாதேஷ் செய்தான். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பானு வந்தபோது அவளுக்கும் செய்து காட்டினான். அவள் விரலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“இனி என்னங்க, முட்டியா?” என்றான் மாதேஷ்.

“முட்டிதாங்க. அது இருக்கட்டும். அக்கா, நீங்க சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?”

மலருக்குப் புரியவில்லை. “அவருக்குங்களா?”

“இல்லீங்க. உங்களுக்கு.”

அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அடுப்பைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே பானுவின் ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது.

“அந்த வண்டி ஓட்டோணும்” என்றாள். சொன்ன பிறகுதான் அந்த ஆசை தனக்கு இருந்ததே அவளுக்குத் தெரிந்தது. “சேலத்துக்குச் செக்கப்புக்குப் போறப்பெல்லாம் இவர ஆளுங்க தூக்கிட்டுப் போறாங்க. நானே கூட்டிட்டுப் போகோணும். இவரு என்ற பின்னால உக்காரோணும்.”

“சரி. அடுத்த செவ்வாய்க்குள்ள?”

“ஸ்டாண்ட் போடக் கத்துக்கறனுங்க” என்றாள் மலர் தயக்கமில்லாமல். இந்த வித்தை இப்போது அவளுக்குப் பிடிபட்டிருந்தது.

மாதேஷ் சிரித்தான். சிரித்துவிட்டுப் பானுவைப் பார்த்தான். “எங்களையே கேக்கறீங்களே, உங்களுக்கு என்னங்க வேணும்?”

பானு முகம் சிவந்தாள். மேல்படிப்பு படிக்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை, நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், ஒவ்வொரு வருடமும் புதுவருடம் பிறக்கும்போது நினைத்துக்கொள்வதுதான் என்றாள். “பாடத்தப் பாத்தாலே மலைப்பா இருக்குங்கண்ணா.”

“மொத்தமாப் பாத்தா மலைப்பாத்தான் இருக்கும்” என்றான் மாதேஷ் மிகுந்த கண்டிப்போடு. “அடுத்த செவ்வாய்க்குள்ள புஸ்தகத்த அலமாரில இருந்து எடுத்து மேசைல வைங்க. படிக்க வேண்டாம். வந்து கேப்பேன்.”

அன்று மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் பானு நிஜமாகவே எடுத்து வைத்தாள். அதற்கடுத்த வாரம் ஒரு பாடத்தின் பாதியைப் படித்துவிட்டு வந்தாள். மலர், அதே தோட்டத்தில் மரம் ஏறும் காளியப்பனின் பழைய ஸ்கூட்டரில் முதலில் ஸ்டாண்ட் போட்டாள், பிறகு தள்ளினாள், பிறகு லைனுக்கு முன்னால் இருந்த சமதரையில் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு ஓட்டினாள். ஒருமுறை காபிச் செடிக்குள் போய்விட்டாள். அடுத்த வாரம் அந்தச் செடியைத் தாண்டிப் போனாள்.

மாதேஷின் முட்டி அசைந்தது. பாதத்துக்கும் முழங்காலுக்கும் பட்டை வைத்துக் கட்டி, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும் இரும்புச் சட்டத்தைக் கொடுத்து, பானு அவனை நிற்க வைத்தாள். அவன் நின்றதும் மலருக்கு அவன் உயரமே மறந்துபோயிருந்தது தெரிந்தது. அண்ணாந்து பார்த்தாள். அவன் கீழே குனிந்து அவளைப் பார்த்தான். இருவருக்கும் வெட்கமாகப் போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் எஸ்டேட் ரைட்டர் கமலக்கண்ணன் வீட்டுக்கு வந்தார். வருகைப் பதிவும் கணக்கும் பார்க்கிற மனிதர், அதிகம் பேசமாட்டார். “கேட்டுல உக்காந்துக்கற வேலை ஒண்ணு இருக்குது மாதேஷு. வர்ற வண்டிக்குத் திறந்துவிடோணும். முதலாளிகிட்டப் பேசிட்டேன்” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். மாதேஷ் கை கூப்பினான். யோசித்துச் சொல்கிறேன் என்றான்.

அவர் போன பிறகு நெடுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“போறதுக்கு இஷ்டமில்லீங்களா மாமா?” என்றாள் மலர்.

“அப்பிடியில்ல. வேலைன்னா வேலைதான். ஆனா எனக்கு மிளகு வேணும் மலரு. கையில அந்த வாசம் வேணும்.”

பானுவிடம் சொன்னபோது அவள், மேலே ஏறாமல் மிளகில் செய்யக்கூடிய வேலை எதுவும் இல்லையா என்று கேட்டாள். மாதேஷ் உடனே இல்லை என்றான். பிறகு நிறுத்தினான். மேலே ஏறுகிற தண்டை நட்டால் கொடி ஏறும். ஆனால் பக்கவாட்டில் காய்க்கிற கிளையை வெட்டி நட்டால் அது ஏறாது, தொட்டியிலேயே செடிபோலக் குத்தாக நின்று காய்க்கும். புதர் மிளகு என்பார்கள். தோட்டக்கலை ஆபீஸில் வைத்திருந்ததை அவனே ஒருமுறை பார்த்திருக்கிறான். “வேரு புடிக்கறதுதான் நொம்பக் கஷ்டம். பாதிக்கு மேல அழுகிப் போயிரும்” என்றான். சொல்லச் சொல்ல அவன் குரல் மாறியது. வாசலெல்லாம் வைக்கலாம், எஸ்டேட்டுக்கு வர்ற டூரிஸ்ட்டெல்லாம் வாங்குவாங்க, சேலத்துல மொட்டை மாடியில வைப்பாங்க, பெரிய நர்சரியே போடலாம்—

பேச்சை நிறுத்திவிட்டுப் பானுவைப் பார்த்தான்.

“ஒண்ணு” என்றான் மாதேஷ். “ஒண்ணே ஒண்ணு வேர் விடட்டும்.”

“அது உங்க கையில இருக்குதுங்களா?”

அவன் யோசித்தான். “இல்லீங்க. நட்டு, ஈரம் காயாம பாத்துக்கறது என்ற கையில இருக்குது.”

காளியப்பன் கிளைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். மாதேஷ் கட்டிலில் உட்கார்ந்தபடியே மண்ணும் மணலும் எருவும் கலந்து பைகளில் நிரப்பி நட்டு, கண்ணாடித் தாள் போட்டு மூடினான். எல்லாம் கறுத்து அழுகின. மலருக்கு அவனைப் பார்க்கப் பயமாக இருந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவானோ என்று அன்று முழுதும் வேலையில் மனம் ஓடவில்லை. சாயங்காலம் வந்தபோது அவன் அழுகிய தண்டுகளை ஒவ்வொன்றாக உருவி, முகர்ந்து, வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தண்ணி அதிகமாயிருச்சு. நீயும் ஊத்தற, நானும் ஊத்தறேன், ஹரிணியும் ஊத்தறா” என்றான். “மூணு பேரும் பாசமா ஊத்திக் கொன்னுட்டோம்.”

மறுபடி நட்டான். இந்த முறை வேறு யாரையும் தண்ணீர் பக்கம் விடவில்லை. அவையும் பெரும்பாலும் வாடின. மூலையிலிருந்த ஒரு பையில் மட்டும் இலை பச்சையாகவே நின்றது. வளரவும் இல்லை, வாடவும் இல்லை. மாதேஷ் அதைத் தொடவில்லை. பிடுங்கிப் பார்க்கலாமா என்று ஹரிணி கேட்டபோது, “பிடுங்கிப் பாத்தா செத்துரும் கண்ணு. அதுக்குத் தோணறப்பக் காட்டும்” என்றான்.

காட்டியது. பையின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருந்த ஓட்டை வழியாக ஒருநாள் வெள்ளை நுனி ஒன்று எட்டிப் பார்த்தது. நூலைவிட மெல்லியது. மாதேஷ் பையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். மலரும் ஹரிணியும் குனிந்து பார்த்தார்கள். வெட்டிய கிளை அது. தாய்க்கொடியிலிருந்து பிரித்து வந்தது. அதற்குள் இந்த வேர் எங்கே இருந்தது என்று மலர் நினைத்தாள். அவள் கை தன்னை அறியாமல் மாதேஷின் காலின் மேல் போய் நின்றது.

அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. கைப்பழக்கம் வந்ததும் அழுகுவது குறைந்தது. கமலக்கண்ணன் ஒருநாள் வாசலில் வரிசையாக நின்ற செடிகளையும், ஒன்றில் பச்சைச் சரம் தொங்குவதையும் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். “கேட்டு வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்” என்றார். எஸ்டேட்டில் காபி நாற்று வளர்க்கிற பந்தலில் ஒரு பக்கத்தை ஒதுக்கித் தந்தார். மாதேஷ் உட்கார்ந்து வேலை செய்ய உயரமான பலகையும் அடித்துக் கொடுத்தார்கள். பானு தேர்வு எழுதிவிட்டுச் சென்னையில் படிக்கப் போனாள். போவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை வந்து, மாதேஷ் கையால் ஒரு புதர் மிளகுத் தொட்டியை வாங்கிக்கொண்டாள். ஸ்கூட்டரின் முன்னால் அதைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு அவள் வளைவில் மறைகிறவரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் விழுந்து இரண்டு ஆண்டு முடிந்த மாசியில் மாதேஷ், “அந்த மரத்துகிட்டப் போகோணும்” என்றான். அவன் இப்போது முழங்கையில் மாட்டிக்கொள்ளும் இரண்டு ஊன்றுகோல்களுடன் நடந்தான். மலர் அவனைப் பின்னால் உட்கார வைத்துத் தோட்டப் பாதையில் அந்தப் பழைய ஸ்கூட்டரில் கூட்டிப்போனாள். மரத்தில் காளியப்பன் ஏறி மிளகு பறித்துக்கொண்டிருந்தார். மாதேஷ் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தான். சில்வர் ஓக் இலைகளின் அடிப்பக்கம் காற்றில் வெள்ளி வெள்ளியாகப் புரண்டது.

“ஆசை போயிருச்சுங்களா மாமா?” என்று கேட்டாள்.

“போகல” என்றான். “மேல போனா காத்து வேற மாதிரி இருக்கும் மலரு. அது உனக்குத் தெரியாது. அந்த ஆசை இருக்கட்டும், அதுபாட்டுக்கு இருக்கும்.” மேலே பார்த்துக் குரல் கொடுத்தான். “காளியப்பண்ணா! பக்கக் கிளைல நல்லதாப் பாத்து ஒண்ணு வெட்டிப் போடுங்க!”

கிளை இலையோடு சுழன்று சுழன்று இறங்கியது. மலர் பொறுக்கிக் கொடுத்தாள்.

பங்குனியில் ஒரு நாள் நல்ல மழை கொட்டித் தீர்த்தது. அதற்கு ஒரு வாரம் கழித்து, காலையில் கதவைத் திறந்தால் மலையே வெள்ளையாக இருந்தது. காபி பூத்துவிட்டது. இலை தெரியாமல் கிளைக்குக் கிளை பூ. மல்லிகை போன்ற அந்த வாசம் மூச்சை அடைத்தது. ஆண்டுதோறும் வருவதுதான், ஆனாலும் யாருக்கும் பழகுவதில்லை.

மலரும் மற்றப் பெண்களும் மேல்சரிவில் நிழல்மரக் கிளைகளை வெட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்கள். மலர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு, இன்றைக்கு வேண்டாம், மெதுவாக வந்துகொள்கிறேன் என்று மாதேஷ் சொல்லியிருந்தான். லைன் வீட்டிலிருந்து நாற்றுப்பந்தலுக்கு ஏற்றமான பாதை. அதில் அவன் தனியாக நடந்ததில்லை.

அருக்காணிதான் முதலில் பார்த்தாள். “ஏ மலரு” என்றாள். கீழே கை காட்டினாள்.

கீழே பூக்களுக்கு நடுவில் மாதேஷ் வந்துகொண்டிருந்தான். பாதை கண்ணுக்குத் தெரியவில்லை. இரு பக்கமும் செடிகள் அவன் இடுப்புவரை மூடியிருந்தன. வெள்ளைக்குமேல் அவன் நெஞ்சும் தலையும் மட்டும் தெரிந்தன. ஊன்றுகோலை முன்னால் வைப்பான், உடம்பு ஒரு பக்கம் சாயும், நிமிரும். நிற்பான். மறுபடி வருவான். ஏற்றம் தொடங்குகிற இடத்தில் மழை அரித்துப் பள்ளமாக்கியிருந்தது. அங்கே நின்றான்.

மலரின் கால் தானாக ஒரு எட்டு முன்னால் போனது. பிறகு அவள் அதைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

வரிசையில் ஒவ்வொருத்தியாக அரிவாளைத் தாழ்த்தினார்கள். வேலை வாங்கும் மேஸ்திரி விசிலை வாய்வரை கொண்டுபோய்விட்டு ஊதாமல் நின்றார். தேனீக்களின் ரீங்காரம் மட்டும் சரிவு முழுக்கக் கேட்டது. மாதேஷ் ஒரு கோலைப் பள்ளத்துக்கு அப்பால் ஊன்றினான். அது வழுக்கியது. எடுத்து, இடம் பார்த்து, மறுபடி ஊன்றினான். மற்றக் கோலையும் வைத்தான். ஒரு காலை இழுத்து வைத்தான். பிறகு அடுத்த காலை.

மேட்டின்மேல் ஏறி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, தலையில் விழுந்திருந்த பூவைத் தட்டிவிட்டான். யாரோ பார்க்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு பந்தலுக்குள் போனான்.

அவன் போன பிறகும் அவர்கள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். மலருக்குக் கண்ணில் நீர் நிறைந்து, மரமும் பூவும் ஒன்றாகக் கலங்கித் தெரிந்தன. முந்தானையால் துடைத்துக்கொண்டு அரிவாளை எடுத்தாள்.